வெயில் ஆகாத மாப்பிள்ளை

குடைக் கம்பெனி முதலாளி இறந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதைக் காரணம் காட்டி அவர் ஒருநாள்கூட லீவு போட்டதில்லை. காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார். கறுப்புக் கண்ணாடி ஏற்றிய காரிலிருந்து தன் கம்பெனியின் பெரிய குடையை விரித்துக்கொண்டு இறங்கி, நாலே எட்டில் வாசலுக்குள் போய்விடுவார். ஆபீசுக்குப் பால் வரும் நேரத்திலேயே கறிக்கடையிலிருந்து ஒரு ஸ்டீல் பிளாஸ்க்கும் வரும். அதன் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருக்கும், டீ போடுகிறவர் மாற்றி எடுத்துவிடக் கூடாது என்பதற்காக. மனித ரத்தத்தை விட்டு ரொம்ப நாளாகிறது என்று அவரே சொல்லியிருந்தார், சிகரெட்டை விட்டவர்கள் சொல்கிற அதே அடக்கத்தோடு. ரத்தக்காட்டேரி என்ற சொல்லை அந்தக் கட்டடத்தில் யாரும் உச்சரிப்பதில்லை. "சாருக்கு வெயில் ஆகாது" என்பார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

கம்பெனியின் குடைகளுக்கு நல்ல பெயர் இருந்ததற்கும் இதுவே காரணம். புதுத் துணி எது வந்தாலும் அதில் ஒரு குடை தைக்கச் சொல்லி, உச்சிவெயிலில் அதைப் பிடித்துக்கொண்டு முதலாளியே மொட்டைமாடியில் போய் நிற்பார். தோளில் புகை வந்தால் துணி மில்லுக்குத் திரும்பிப் போகும். வராவிட்டால் ஆர்டர் போகும். மற்ற கம்பெனிக்காரர்கள் இதற்கென்று மெஷின் வாங்கி வைத்திருந்தார்கள். மெஷின் பொய் சொல்லும், தோள் பொய் சொல்லாது என்று விற்பனைப் பிரிவில் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள். அவர் இருக்கும் அறைக்கு ஏசி தேவைப்படாது, அவர் உட்கார்ந்திருந்தாலே போதும். கோடையில் ஊழியர்கள் தங்கள் தண்ணீர் பாட்டில்களை அவர் மேசை ஓரமாக வரிசையாக வைத்துவிட்டுப் போய், சாப்பாட்டு நேரத்தில் வந்து எடுத்துக்கொள்வார்கள். அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்குவதில்லை.

தொல்லை ஒன்றுதான். அழைக்காத வாசலை அவரால் தாண்ட முடியாது. சொந்தக் கம்பெனியாக இருந்தாலும் தினமும் காலையில் யாராவது "உள்ள வாங்க" என்று சொன்னால்தான் கால் நகரும். பழைய செக்ரட்டரி முப்பது வருடம் அதைச் சொன்னார், பிறகு ஓய்வு பெற்றுப் பிள்ளைகளோடு இருக்கப் போய்விட்டார். மறுநாள் காலை முதலாளி, எல்லோருக்கும் பொதுவான வாசலையும் படிக்கட்டையும் தாண்டி வந்து, தன் அறை வாசலில் அப்படியே நின்றார். மேனேஜர் அழைத்தார், கேஷியர் அழைத்தார், கட்டடத்தின் சொந்தக்காரரையே வரவழைத்து அழைக்கச் சொன்னார்கள். கால் நகரவில்லை. ஒரு மாதம் அறைக்கு வெளியே நடைபாதையில் நாற்காலி போட்டுக் கம்பெனி நடந்தது. புது செக்ரட்டரிக்கான இன்டர்வியூவும் அங்கேதான். வந்தவர்கள் நன்றாக டைப் அடித்தார்கள், போனில் நயமாகப் பேசினார்கள். கடைசியில் கதவருகே நிறுத்தி "உள்ள வாங்க" என்று அழைக்கச் சொன்னதும் அழைத்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை.

அவள் வந்தது கடைசி நாளில். தன் முறை வருவதற்குள், நடைபாதையில் எல்லோர் காலையும் தட்டிக்கொண்டிருந்த டெலிபோன் ஒயரைச் சுவரோரமாக ஒதுக்கினாள். வாடிக்கொண்டிருந்த செடிக்குத் தண்ணீர் விட்டாள். நாற்காலியைத் தரையில் இழுத்த ஒரு கிளார்க்கை "தூக்கி வைங்க சார், கீழ் மாடியில மனுஷங்க இருக்காங்க" என்று கண்டித்தாள். அவனும் தூக்கி வைத்தான். பெயர் கூப்பிட்டதும் அறைக்குள் போய்விட்டு, வாசலில் நின்றவரைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன் சார் வெளியவே நிக்கிறீங்க? உள்ள வாங்க, உக்காந்து பேசலாம்." அவர் உள்ளே போய் உட்கார்ந்தார். இன்டர்வியூ அத்துடன் முடிந்தது. அவள் குரலில் ஏதோ இருக்கிறது என்று ஆபீஸ் முடிவுகட்டியது. குரலில் ஒன்றும் இல்லை என்பது பிறகுதான் தெரியவந்தது.

செக்ரட்டரி வேலையில் பாதி, கதவுகளைத் திறந்து அவரை உள்ளே அழைப்பது. மீட்டிங் அறை, ஸ்டோர், லிஃப்ட் என்று எல்லாவற்றிலும் அவள் முதலில் நுழைந்து அழைக்க வேண்டும். மீதிப் பாதி, கண்ணாடியாக இருப்பது. அவர் எந்தக் கண்ணாடியிலும் தெரிய மாட்டார். சவரம் ஒருபக்கம் அரைகுறையாக இருக்கும், டை கோணலாகத் தொங்கும். முதல் வாரம் பார்த்துக்கொண்டிருந்தாள், இரண்டாவது வாரம் எழுந்து போய்த் தானே சரிசெய்துவிட்டாள். அவள் விரல் நுனிகள் மரத்துப்போய் அரைமணி நேரம் டைப் அடிக்க வரவில்லை. "நான் எப்படி இருக்கேன்?" என்று அவர் கேட்டார். டையைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து "இப்ப பரவால்ல" என்றாள். "இல்ல, முகம்" என்றார். தன் முகத்தைப் பார்த்து அவருக்கு நூறு வருடமாகிறது, இப்போது சொல்ல ஆளும் இல்லை. அவள் கொஞ்சம் தள்ளி நின்று, சரக்கு சரிபார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். இடது புருவம் சற்று மேலே, மூக்கு நேர், கண்ணுக்குக் கீழே கறுப்பு, கன்னத்தில் சின்னத் தழும்பு. அவர் ஊரிலிருந்து வந்த சேதியைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டார். அது தினமும் காலையில் ஒரு வழக்கமாகிப்போனது. சில மாதம் கழித்து ஒருநாள் அவள் பட்டியலை விட்டுவிட்டு, "இன்னிக்கு ரொம்ப நல்லா இருக்கீங்க" என்று சொல்லிவிட்டாள். அன்று அந்த மாடி முழுவதும் புழுங்கியது, பாட்டில் தண்ணீரெல்லாம் வெதுவெதுப்பாகிவிட்டது. ஆட்கள் ஏசி மெக்கானிக்கைத் தேடினார்கள், பிறகுதான் அங்கே ஏசியே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

ரிசப்ஷன் பெண் மங்கா என்கிற ஜப்பானியப் படக்கதைப் புத்தகங்கள் படிக்கிறவள். மேசைக்கடியில் எப்போதும் ஒன்று விரித்தபடி கிடக்கும். விஷயத்தை முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான். "அக்கா, இது அப்படியே என் புக்ல வர்ற கதை. அடுத்து அவர் உங்களைச் சுவத்தோரமா நிறுத்தி, ஒரு கைய டமால்னு சுவத்துல வெச்சு மறிப்பார் பாருங்க" என்றாள். "கைய வெச்சா பெயின்ட் உரியும். போய் போனை எடு, அடிக்குது" என்றாள் செக்ரட்டரி. ஆனால் அந்தப் புத்தகங்களில் ஒன்று எப்படியோ முதலாளியின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு பிற்பகல் அவர் டீ போடும் பேன்ட்ரிக்கு வெளியே அவளை நிறுத்தி, படத்தில் கண்டபடி உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். சுவரில் பனி படர்ந்தது. அவள் தும்மினாள். மூன்று தும்மலுக்குப் பிறகு, "சொல்ல வந்ததைச் சொல்லிடுங்க சார், சளி பிடிச்சிடும்" என்றாள். அவர் கையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கை வைத்த தடம் மட்டும் காயவே இல்லை. இரண்டு தடவை வெள்ளையடித்துப் பார்த்தார்கள், பிறகு அதன்மேல் காலண்டரை மாட்டிவிட்டார்கள்.

அவர் சொல்ல வந்ததைச் சொன்னது லிஃப்ட் நடுவில் நின்றுபோன அன்று. லிஃப்டின் கண்ணாடியில் அவள் மட்டும் தனியாக நின்றிருந்தாள், பக்கத்தில் காலியிடம் பேசிக்கொண்டிருந்தது. அவருக்கு முன்பு இரண்டு மனைவிகள் இருந்தார்கள். ஒருவர் காய்ச்சலில் போனார். ஒருவர் எழுபது வயதுவரை இருந்து, தூக்கத்தில் போனார். நீண்ட காலம் வாழ்ந்தால் பழகிவிடும் என்று அவர் நினைத்திருந்தார். பழகவில்லை. "மறுநாள் என்ன பண்ணீங்க?" என்று அவள் கேட்டாள். "ஆபீஸ் வந்தேன்." "அதுக்கு மறுநாள்?" "ஆபீஸ்தான்." வீட்டில் அவர்கள் குடித்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்ததாகவும், தான் வேறு டம்ளரில் குடித்ததாகவும் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு, அவளைத் தனக்குப் பிடித்திருக்கிறது என்பதை, அவளிடமே, வேறு யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். லிஃப்ட் கிளம்பியது. அவள் கதவு திறக்கும்வரை யோசித்தாள், அதற்குமேல் யோசிப்பது அவள் வழக்கமில்லை. "ஞாயித்துக்கிழமை காலைல உங்களுக்கு வேற வேலை இல்ல. எங்க வீட்டுக்கு வந்து அம்மாகிட்டப் பேசுங்க" என்று சொல்லி, அவருடைய டைரியில் அதை அவளே எழுதியும் வைத்தாள்.

அவள் வீட்டில் அப்பா, அம்மா, தம்பி என்று மூன்று பேர். வீடு அப்பா பெயரில் இருந்தது, அதிகாரம் அம்மா குரலில் இருந்தது. ஆனால் பகலில் ஆபீசுக்கு அவளைத் தேடி வீட்டிலிருந்து போன் வந்தபடி இருக்கும். கத்திரிக்கோல் எங்கே என்று அம்மா கேட்பாள். மோட்டார் ஓடவில்லை, எந்த ஸ்விட்சைத் தட்டுவது என்று அப்பா கேட்பார். காலேஜுக்கு என்ன சட்டை போடுவது என்று தம்பி கேட்பான். அவள் ஒரு கையால் டைப் அடித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொல்வாள். ஒழுகுகிற குழாய், சாத்தாத ஜன்னல், அப்பாவின் மூட்டு மாத்திரை எல்லாம் அவள் தலையில். அதை அந்த வீட்டில் யாரும் கவனித்ததில்லை, அவள் உட்பட.

மாப்பிள்ளை ரத்தம் குடிக்கிறவர் என்பதில் அம்மாவுக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. "கறிக்கடைக்கு நாமளும்தான் போறோம்" என்றாள். விட்டுவிட்டேன் என்று அவர் சொல்வதில்தான் சந்தேகம். "குடிய விட்டேன்னு சொன்ன எத்தனை பேரைப் பார்த்திருக்கேன், உங்க சித்தப்பாவைச் சேர்த்து." அதையும் விட்டுக்கொடுத்தாள். அவளுக்கு இறங்காதது வேறொன்று. "நீ தலை நரைச்சு, முதுகு வளைஞ்சு நிப்ப. அவர் அன்னிக்கும் இதே மாதிரி விறைப்பா கோட்டு போட்டுக்கிட்டு நிப்பார். அப்ப உன்னை விட்டுட்டு ஓட மாட்டார்னு என்ன நிச்சயம்? படுக்கையில கிடந்தா தண்ணி யார் குடுப்பா?" அம்மா கூப்பிடாத ஆளைத் தான் கூப்பிடுவதில்லை என்று மட்டும் மகள் சொன்னாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை முதலாளி வந்து, கேட்டைத் தாண்டி, வீட்டு வாசலில் குடை பிடித்தபடி நின்றார். அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டே வெங்காயம் நறுக்கினாள், அழைக்கவில்லை. மதியம் வரை நின்றுவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும். மழைக்காலம் போய்ப் பனி வந்து, பனியும் போனது.

கோடை வந்ததும் தெருவுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. மின்சாரம் நினைத்தால் வரும், நினைத்தால் போகும் என்ற நிலை. அந்த வீட்டு வாசலில் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் மலைமேல் நிற்பதுபோலக் குளிர் அடித்தது. முதலில் எதிர்வீட்டுக்காரர் பேப்பர் படிக்கிற சாக்கில் நாற்காலியோடு வந்தார். பிறகு ஒருத்தி மாவுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்து, "தம்பி, அரைமணி நேரம் பாத்துக்கங்க, புளிச்சிடாம" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த வாரம் தண்ணீர் பாட்டில்கள், பால் பாத்திரங்கள், ஒரு தர்பூசணி. மருந்துக் கடைக்காரர் ஊசி மருந்து டப்பாவைக் கொண்டுவந்து, "கொஞ்சம் கையிலேயே வெச்சுக்கங்க சார், கீழ வெக்கக் கூடாது" என்றார். முதலாளி ஒரு கையில் குடையும் ஒரு கையில் டப்பாவுமாக நின்றார். யாரோ ஒருத்தர் அவர் தோளில் ஈரத்துண்டை உலர்த்துகிற மாதிரி போட்டு, குளிர்ந்ததும் எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டார். அதைப் பார்த்ததும் அம்மாவுக்குப் பொங்கிவிட்டது. நறுக்கிக்கொண்டிருந்ததைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"என் பொண்ணைக் கட்டிக்க வந்து நிக்கிறவரைத் தெருவே ஐஸ்பெட்டி ஆக்கி வெச்சிருக்கு! எடுங்க, எடுங்க எல்லாத்தையும்! யாரோடது இந்தப் பழம்?" பாத்திரங்களில் பாதி அவசரமாகக் கலைந்தது. அம்மா அவர் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கும்தான் வாயில்லையா? வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? நல்ல மனுஷன் போங்க. உள்ள வாங்க, மாப்பிள்ளை."

அவர் காலைத் தூக்கினார். கால் வாசற்படிக்கு மேலே, கண்ணாடியில் முட்டியதுபோல அந்தரத்தில் நின்றது. அம்மா இன்னொரு முறை அழைத்தாள், இந்த முறை சத்தமாக. கால் அங்கேயே நின்றது. அப்பா பின்னாலிருந்து மெதுவாக வந்து, "நான் போன மாசமே ரகசியமா கூப்பிட்டுப் பார்த்தேன்" என்றார். "என்கிட்டச் சொல்லாமயா?" என்றாள் அம்மா. "சளி பிடிச்சிருந்துச்சு, அதான் வேலை செய்யலன்னு நினைச்சேன். வீடு என் பேர்லதானே இருக்கு?" அந்தக் கடைசி வாக்கியம் கேள்வியாகவே வெளியே வந்தது. தம்பி ஜன்னல் வழியாக "மாமா, வாங்க மாமா" என்று கூப்பிட்டுப் பார்த்தான். எதிர்வீட்டுக்காரர் தன் பங்குக்குக் கூப்பிட்டார், அவரை அம்மா பார்த்த பார்வையில் நாற்காலியோடு போய்விட்டார்.

சத்தம் கேட்டுச் செக்ரட்டரி சமையலறையிலிருந்து வந்தாள். கையில் ஸ்பேனர் இருந்தது. சிங்க் குழாய் மறுபடி ஒழுகிக்கொண்டிருந்தது. முதலாளி காலைக் கீழே வைத்தார். "மன்னிக்கணும். நீங்க யார் சொன்னாலும் நடக்காது. ஒரு இடம் யார் தலைமேல நிக்குதோ அவங்க சொல்லணும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அவளைப் பார்த்தார். "இது அவங்க வீடு."

அம்மா மகள் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். தம்பி போட்டிருந்த சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டான். அவளுக்கு முதலில் வந்தது கோபம், யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. அதை அவர்மேல் வைத்தாள்.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல? இத்தனை வாரம் வெயில்ல நின்னீங்களே."

"சொன்னா நீங்க கூப்பிட்டிருப்பீங்க."

"அதுக்குத்தானே வந்தீங்க?"

"கூப்பிடணும்னுதான் வந்தேன். கூப்பிடாம இருந்தாலும் நல்லதுன்னுதான் நின்னேன்." அவர் குடையைத் தாழ்த்திக்கொண்டார், முகம் தெரியவில்லை. "அந்த மறுநாள் இன்னொரு தடவை எனக்கு வேண்டாம்."

தெருவில் பாத்திரத்தை எடுக்க வந்தவர்கள் எடுக்காமல் நின்றார்கள். அவள் வாசற்படி வரைக்கும் வந்தாள். "சாகப்போறது நான். பயப்படணும்னா நான்தான் பயப்படணும். எனக்கே பயமில்ல, உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்றாள். "நல்ல வார்த்தை பேசுடி" என்றாள் அம்மா. "நல்ல வார்த்தைதாம்மா பேசுறேன்." அவள் குடையின் விளிம்பை ஸ்பேனரால் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தாள். "அந்த நாள் வரும். வர்றப்போ வரட்டும். அதுக்கு நடுவுல எத்தனையோ நாள் கிடக்கு, எல்லா நாளைக்கும் வேலை கிடக்கு. இப்ப குழாய் ஒழுகுது, பிடிச்சுக்க ஆளில்ல. உள்ள வாங்க."

அவர் உள்ளே போனார். குடையை மடக்கக்கூட நிற்காமல் போனதால் அது கதவு நிலையில் இடித்து ஒரு கம்பி வளைந்தது. சமையலறையில் அவர் குழாயைப் பிடித்ததும் உள்ளே தண்ணீர் உறைந்து சொட்டு நின்றது. அவள் நிதானமாக வாஷரை மாற்றினாள்.

கல்யாணம் ஒரு மாலையில் நடந்தது. போட்டோக்காரர் மாப்பிள்ளையை இன்னும் கொஞ்சம் நெருங்கி நிற்கச் சொல்லிக் கடைசிவரை கெஞ்சிக்கொண்டிருந்தார். படத்தில் அவள் மட்டும் இருக்கிறாள். ஆளில்லாத பக்கமாக நன்றாகச் சாய்ந்து, சிரித்துக்கொண்டு நிற்கிறாள், விழவில்லை. ரிசப்ஷன் பெண் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டாள், மங்காவில்கூட இப்படி ஒரு படம் கிடையாது என்றாள். முதலாளி அந்த வீட்டிலேயே தங்கிவிட்டார். தம்பி வேலை கிடைத்து வெளியூர் போனான். அப்பா காலமானார். அம்மா படுத்த படுக்கையானபோது, தூக்கம் என்பதே இல்லாத ஒரு மனிதர் வீட்டில் இருப்பது எவ்வளவு வசதி என்று எல்லோருக்கும் தெரிந்தது. தண்ணீர் கேட்கும் முன்பே டம்ளர் வந்தது. வந்தவர்களிடமெல்லாம் அம்மா, "மாப்பிள்ளை கைய நெத்தியில வெச்சா போதும், தலைவலி போன இடம் தெரியாது" என்று சொல்வாள். கண்ணை மூடும்வரை அவருடைய இடது கையை அவள் நெற்றியிலிருந்து எடுக்கவிடவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் அவர் ஆபீஸ் கிளம்பினார். மனைவி அவர் டையை அவிழ்த்து வைத்துவிட்டு, இன்று யாரும் எங்கும் போக வேண்டாம் என்றாள். இரண்டு பேரும் அன்று முழுவதும் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அப்படியும் ஒரு நாள் கழியும் என்பது அவருக்குப் புதிது.

ஒருமுறை அவள் கேட்டாள், தன்னையும் அவரைப்போல ஆக்க முடியுமா என்று. முடியும் என்றார், ஆசையிலா பயத்திலா என்று சொல்ல முடியாது. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு வேண்டாம் என்றாள். "வெயில் இல்லாம எனக்கு ஆகாது. துணியெல்லாம் எங்க காயப்போடுறது?" அந்தப் பேச்சு அத்துடன் முடிந்தது.

அவளுக்கு நரைத்தது, பிறகு முட்டி வலித்தது, பிறகு காது சற்று மந்தமானது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் தினமும் காலையில் அவர் முகத்தைச் சொன்னாள், அவர் தினமும் அவள் முகத்தைச் சொன்னார். அவர் சொல்வதில் சுருக்கம் எதையும் விடுவதில்லை, அவளும் விடச் சொல்வதில்லை. தெரு ஆரம்பத்தில் அவரை அக்கா வீட்டுக்காரர் என்று சொல்லிவந்தது. அக்கா என்று கூப்பிட்டவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்ததும் அத்தை வீட்டுக்காரர் என்றது. இப்போது அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். வெயில் தாழ்ந்ததும், முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், கோட்டும் டையும் ஒழுங்காக, கையில் பையும் மடக்கிய குடையுமாகக் காய்கறிக் கடைக்கு வருவார். கடைக்காரர் எடை போடுகிறவனைப் பார்த்துச் சத்தம் போடுவார்:

"பாட்டி வீட்டுக்காரர் வந்திருக்கார் பாரு. மெத்துனு நாலு தக்காளி எடுத்து வை, அவங்களுக்குப் பல்லு முடியல."